படியளக்கும் கை

உணவு வழங்குதலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. ஊட்டுதல், இடுதல், படைத்தல், பரிமாறுதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நிறம் இருக்கிறது. ஆயினும் எல்லா உயிர்களுக்கும் உணவளிக்கும் இறைவனின் செயலைச் சொல்ல வந்த இடத்தில் நம் முன்னோர் தேர்ந்துகொண்ட சொல் 'படியளத்தல்' என்பதாகும். அரபு மொழியில் 'ரிஜ்க்' என வழங்கும் விரிந்த பொருளை நம் வீட்டு மூதாட்டியர், "அல்லாஹ் படியளப்பான்" என்று இரண்டே சொற்களில் சொல்லி முடித்துவிடுவர். படி என்பது ஓர் அளவுக் கருவி. கொடுப்பவனின் பெருங்கொடையைப் போற்றும் தொடரிலேயே அளவும் அமர்ந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வாரி இறைத்தல் என்று சொல்லாமல் அளத்தல் என்று சொன்னது ஏன்? அழிவின் விளிம்பில் நிற்கும் சில பறவைகளைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோது இந்த வினாவுக்கு எனக்கு ஒரு விளக்கம் கிட்டியது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

படிக்கப் புகுந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் 'தவக்குல்' என்னும் இறைச்சார்பு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பறவையை உவமையாக்கி அதனை விளக்கும் நபிமொழி மதரஸா மாணவர் அனைவரும் அறிந்ததே. அப்பறவை கூட்டிலேயே அமர்ந்திராமல் உணவு தேடிப் புறப்படுகிறது என்னும் நுட்பத்தை உரையாசிரியர்கள் சுட்டுவர். அதை நான் சொல்லிக்கொண்டிருக்கையில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், பறவைக்கு அல்லாஹ் படியளக்கிறான். அப்படியிருக்க, எங்கள் உம்மா மொட்டை மாடியில் தினமும் நொய் போடுகிறார்களே, அது எதற்கு?" என்றார். வகுப்பு சிரித்தது. ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் அவருக்குத் தருமமாக எழுதப்படும் என்னும் நபிமொழியை நினைவூட்டி, இறைவன் அளக்கும் படி சில வேளைகளில் மனிதனின் கை வழியாகவும் வரும் என்றேன்.

அவர் அமரவில்லை. "அப்படியானால், அழிந்துவரும் பறவைகளுக்கெல்லாம் நாமே உணவு போட்டுவிட்டால் அவை பிழைத்துக்கொள்ளும் அல்லவா?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தார். "படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். எங்களிடம் ஓதிப் பின்னர் கால்நடை மருத்துவம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் நூல்களும் ஆய்வுரைகளும் தேடித் தந்து, எனக்கு விளங்காதவற்றை விளக்கியும் உதவினார்.

அவர் முதலில் அறிமுகப்படுத்தியது நியூசிலாந்து நாட்டின் காக்காப்போ என்னும் கிளி. மாவோரி மொழியில் இப்பெயருக்கு 'இரவுக் கிளி' என்று பொருள். பகலெல்லாம் மறைந்திருந்து இரவில் நடமாடும் இது, கிளி இனங்களிலேயே மிகுந்த எடையுடையது. சேவல் நான்கு கிலோ வரை எடை வைக்கும். இதற்குப் பறக்கத் தெரியாது. பாலூட்டி வேட்டை விலங்குகள் இல்லாத அத்தீவுகளில் பறந்து தப்ப வேண்டிய தேவையே இதற்கு நெடுங்காலம் இருக்கவில்லை. மனிதன் கரையேறினான். அவனோடு எலியும் நாயும் வந்தன. பின்னர் ஐரோப்பியரின் கப்பல்களில் பூனையும் மரநாயை ஒத்த ஸ்டோட் என்னும் விலங்கும் வந்தன. ஆபத்தைக் கண்டால் அசையாமல் நின்றுவிடுவது இப்பறவையின் இயல்பு. வானிலிருந்து பாயும் வல்லூறை ஏமாற்ற அது போதும். மோப்பம் பிடித்து வரும் பூனையிடம் அது செல்லுமா?

1970களில் ஃபியார்ட்லாந்து மலைப் பகுதியில் தேடியவர்கள் சில காக்காப்போக்களைக் கண்டுபிடித்தனர். கண்டவை அனைத்தும் சேவல்களே. ஓர் இனம் முடிந்துவிட்டது என்று எண்ணும் நிலை. 1977இல் தெற்கே ஸ்டூவர்ட் தீவில் பெட்டைகளும் உள்ள ஒரு கூட்டம் கண்டறியப்பட்டது. அங்கும் பூனைகள் அவற்றைக் கொன்று தீர்த்துக்கொண்டிருந்தன. ஆகவே எஞ்சிய பறவைகளைப் பிடித்து, அத்தகைய பகைகள் இல்லாத சிறு தீவுகளுக்குக் குடிபெயர்த்தனர். 1995இல் உலகம் முழுவதிலும் எஞ்சியிருந்தவை 51 பறவைகள். அவற்றிலும் சேவல்களே மிகுதி.

குடிபெயர்ந்தவை உயிர் பிழைத்தன, ஆனால் பெருகவில்லை. காக்காப்போ ஆண்டுதோறும் முட்டையிடும் பறவையன்று. தென் தீவுகளில் ரிமு என்னும் மரம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மிகுதியாகக் காய்க்கும். அந்த ஆண்டில் மட்டுமே பெட்டைகள் முட்டையிடும். இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை காத்திருக்க நேரும். உணவு போதாமையே காரணம் என்றால் உணவை நாமே வைத்தால் என்ன என்று பாதுகாவலர்கள் எண்ணினர். 1989இல் லிட்டில் பேரியர் தீவில் அப்பணி தொடங்கிற்று. ஆப்பிள், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாதுமை முதலிய கொட்டைகள் பறவைகள் நடமாடும் இடங்களில் வைக்கப்பட்டன. பிற்காலத்தில் இவற்றுக்கெனவே சத்துக் கணக்கிட்டுச் செய்த உணவுருண்டைகள் வந்தன. மழையிலும் சேற்றிலும் மலைப்பாதையில் நடந்து, பாத்திரம் பாத்திரமாக நிரப்பிவரும் தொண்டர்களும் முன்வந்தனர். அவர்களின் உழைப்பைப் படிக்கும்போது உள்ளம் நெகிழாதிருக்க முடியாது.

உணவு உண்ட பெட்டைகள் கொழுத்தன; எடை கூடின. குஞ்சுகளும் வந்தன. ஆயின் கணக்கெடுத்துப் பார்த்தபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. உணவு வைக்கப்பட்ட தாய்களின் குஞ்சுகளில் ஆண்களே மிகுந்திருந்தன. உணவு வைக்கப்படாத தாய்களுக்குப் பெண் குஞ்சுகள் மிகுந்திருந்தன. பெட்டைகள் பற்றாமல் அழியவிருந்த ஓர் இனத்துக்கு, அன்போடு வைத்த உணவு மேலும் சேவல்களையே சேர்த்துக்கொண்டிருந்தது!

இதன் காரணம் என்ன? 1973இல் ராபர்ட் டிரிவர்ஸ், டான் வில்லார்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஒரு கருத்து இதற்கு விளக்கமாயிற்று. காக்காப்போச் சேவல் குடும்பம் நடத்துவதில்லை. இனப்பெருக்கக் காலத்தில் மலைமுகட்டில் மண்ணைப் பறித்துக் கிண்ணம்போல் குழியாக்கி, அதில் அமர்ந்து இரவெல்லாம் முரசொலி போல் முழங்கும். அவ்வொலி கேட்டுப் பெட்டைகள் வரும். வலிமை மிக்க சேவல் பல பெட்டைகளோடு சேரும். மெலிந்த சேவலுக்கு ஒன்றும் கிட்டாமலே போகலாம். பெட்டையோ கொழுத்திருப்பினும் மெலிந்திருப்பினும் ஓரிரு குஞ்சுகளை வளர்த்துவிடும். ஆகவே உடல் செழித்த தாய் ஆணைப் பெற்றால், அது வலிமை மிக்க சேவலாக வளர்ந்து பேரப்பிள்ளைகளைப் பெருக்கும். மெலிந்த தாய்க்குப் பெண்ணைப் பெறுவதே ஆதாயம். இந்தக் கணக்கை அப்பறவை அறிந்து செய்வதில்லை; படைப்பின் அமைப்பில் அது பதிந்து கிடக்கிறது. தாயின் உடலுக்குள் அது எவ்வாறு நிகழ்கிறது என்பது வேறு ஆராய்ச்சி. விளைவு கண்ணெதிரே இருந்தது.

இந்த இடத்தில் அப்பாதுகாவலர்கள் நடந்துகொண்ட முறையே என்னை மிகவும் கவர்ந்தது. உணவிடுதல் தீமை என்று அவர்கள் கைவிட்டுவிடவில்லை. நல்ல எண்ணத்தோடு செய்கிறோம், பலன் எப்படியோ ஆகட்டும் என்று பழைய முறையைத் தொடரவுமில்லை. அளவை மாற்றினர். பெட்டைகளைத் தனித்தனியே எடை பார்த்தனர். கனத்த பெட்டைகளுக்கு முட்டையிடும் வரை கூடுதல் உணவை மட்டுப்படுத்தினர். முட்டையிட்ட பின், குஞ்சு வளர்க்கும் கடுமையான காலத்தில், உணவை வழங்கினர். உணவு அதே உணவுதான். கொடுக்கும் காலமும் அளவும் ஆளும் மாறின. ரிமு மரங்கள் காய்த்த 2002இல் 24 குஞ்சுகள் வளர்ந்து கூடு நீங்கின. 62 ஆக இருந்த எண்ணிக்கை 86 ஆயிற்று. ஆண் குஞ்சுகள் மிகுந்து வந்த குறையும் நீங்கிற்று. 2022ஆம் ஆண்டின் இனப்பெருக்கக் காலத்துக்குப் பின் எண்ணிக்கை 252ஐ எட்டிற்று.

எத்தனை உணவு வைத்தாலும் ரிமு காய்க்காத ஆண்டில் அத்தென் தீவுகளின் பெட்டைகளை ஆண்டுதோறும் முட்டையிடச் செய்ய இயலவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மனிதனின் கிண்ணம் எட்டும் எல்லை அவ்வளவே. குஞ்சு பிழைப்பதற்குக் கிண்ணம் உதவியது. குஞ்சு பொரிக்கும் ஆண்டைக் காடுதான் தீர்மானித்தது.

அடுத்து என் மாணவர் காட்டியது, தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மொரீஷியஸ் தீவு. அங்குள்ள இளஞ்சிவப்புப் புறா வேறெங்கும் இல்லாத இனம். காடு அழிந்து, எலியும் குரங்கும் பூனையும் பெருகி, 1990 அளவில் காட்டில் எஞ்சியவை ஏறத்தாழப் பத்தே பறவைகள். கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டனர். எஞ்சியிருந்த காட்டில் ஆண்டு முழுதும் போதிய இரை கிட்டாமையால் கோதுமையும் சோளமும் வைத்தனர். அதனால் எண்ணிக்கை பின்னர் நூற்றுக்கணக்கில் உயர்ந்தது. அத்தீவின் அரிய பறவைகளை மீட்ட வரலாற்றில் கார்ல் ஜோன்ஸ் என்னும் அறிஞரின் பெயர் நிலைத்துவிட்டது.

அங்கும் ஓர் இடர் தோன்றிற்று. தானியம் இருக்கும் இடத்துக்கு அழைக்காத விருந்தினரும் வருவர் அல்லவா? வெளிநாடுகளிலிருந்து முன்பே கொண்டுவரப்பட்டுப் பெருகியிருந்த வேறு புறா இனங்களும் அங்கே வந்து கூடின. அவற்றின் உடலில் டிரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிர் இருந்தது. அது பறவையின் வாயிலும் தொண்டையிலும் தங்கி நோயுண்டாக்கும். உணவு, நீர் வழியாகப் பரவும். புறா தன் குஞ்சுக்கு ஊட்டுவது தொண்டையில் ஊறும் பால் போன்ற கூழை. தாய் ஊட்டும் அந்தக் கூழோடே நோயும் குஞ்சுக்குச் சென்றது. குஞ்சுகள் பல மடிந்தன. காட்டில் சிதறி உண்டிருந்தால் சந்தித்திராத பறவைகளை ஒரே தட்டு ஒன்றுசேர்த்துவிட்டது. நோயைக் கண்காணிப்பதும், உணவிடும் இடத்தைத் தூய்மையாக வைப்பதும் உணவிடும் பணியின் பகுதிகளாயின. பந்தி விரிப்பவர் இலையைத் துடைத்துப் போட வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. பறவைக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டி விஷயத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது வரலாறு நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது; மனத்தை மிகவும் கலக்கியதும் அதுவே. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகஞ்சுளித்துச் சொல்லும் பறவையைப் பழந்தமிழ் 'பாறு' என்று அழைத்தது. ஊருக்கு வெளியே எறியப்படும் மாட்டுச் சடலத்தைச் சிறிது நேரத்தில் எலும்பாக்கிவிட்டு, நாற்றமும் நோயும் பரவாமல் காத்த ஊழியர்கள் அவை. வெண்முதுகுப் பாறு என்னும் இனம் ஒரு காலத்தில் இந்தியாவில் கணக்கற்றுத் திரிந்தது. 1992ஆம் ஆண்டுக்கும் 2007ஆம் ஆண்டுக்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்கு அது குறைந்துபோயிற்று.

நோய்க்கிருமியைத் தேடியவர்களுக்கு விடை கிட்டவில்லை. பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்னும் கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் உண்மைக் காரணத்தைக் கண்டறிந்து 2004இல் வெளியிட்டனர். மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்படும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம். அம்மருந்து போட்ட மாடு விரைவில் இறந்து, அதைப் பாறு உண்டால், அதன் சிறுநீரகம் செயலிழக்கும். சில நாட்களில் மடியும். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்நஞ்சு இருந்தாலே அந்தப் பெருஞ்சரிவு நிகழப் போதும் என்று கணக்கிட்டனர். பாறு பெருங்கூட்டமாக ஒரே சடலத்தில் உண்பது. ஆண்டுக்கு ஒரே முட்டை இடுவது. எனவே ஒரு சடலம் ஒரு கூட்டத்தையே மாய்க்கும். போன கூட்டம் விரைவில் திரும்பாது.

இங்கே உணவிடுதல் வேறொரு வடிவம் கொண்டது. நேபாளத்தின் நவல்பராசி மாவட்டத்தில் பித்தௌலி என்னும் சிற்றூரில் 2006இல் பாறுகளுக்கென ஓர் 'உணவகம்' திறந்தனர். கம்பனைக் கற்றோர் நன்கறிந்த ஜடாயுவின் பெயரையே அதற்கு இட்டனர். பசுவைக் கொல்லுதல் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். உழைத்து ஓய்ந்த கிழட்டு மாடுகளை வாங்கிவந்து, இயற்கையாக இறக்கும் வரை பேணுகின்றனர். நஞ்சான அம்மருந்து அவற்றுக்குப் போடப்படுவதில்லை. இறந்த பின் சடலத்தைத் திறந்த வெளியில் இடுகின்றனர். பாறுகள் வந்து உண்கின்றன. அதைக் காண வரும் பயணிகளால் ஊருக்கும் சிறிது வருவாய் உண்டு. முதுமையில் மாட்டுக்குப் புகலிடம், பாறுக்கு நஞ்சில்லா உணவு, ஊருக்கு ஊதியம் என மூன்றையும் இணைத்த அறிவு பாராட்டத்தக்கது.

ஆயினும் இதன் எல்லையையும் அறிய வேண்டும். பாகிஸ்தானின் பஞ்சாபில் இவ்வாறே தூய உணவு வைத்து ஆராய்ந்தனர். உணவு வைத்த நாட்களில் இறப்பு குறைந்தது, அறவே நிற்கவில்லை. பாறு நெடுந்தொலைவு பறக்கும் பறவை. இன்று நம் விருந்தை உண்டது நாளை வேறெங்கோ நஞ்சுண்ட சடலத்தில் இறங்கும். நூற்றில் ஒன்றே கொல்லப் போதும் என்றால், தொண்ணூற்றொன்பது நல்ல சடலங்களை வைத்தும் அதனைக் காக்க இயலாது அன்றோ? ஆகவே நஞ்சைத் தடுப்பதே முதல் வேலை. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகள் 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடைசெய்தன. மனிதருக்கான பெரிய மருந்துக் குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்துவது தொடர்ந்ததால், 2015இல் இந்திய அரசு அக்குப்பிகளின் அளவையும் சுருக்கிற்று. பாறுகளைக் கொல்லும் வேறிரு மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியன கால்நடைகளுக்கு 2023இல் தடைசெய்யப்பட்டன. அவற்றுக்கு ஈடாக, பாறுகளுக்குத் தீங்கற்றது என ஆய்வில் தெளிந்த மெலாக்சிகாம் என்னும் மருந்து இருக்கிறது.

நம் மாநிலத்தில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. காட்டில் மடியும் விலங்குகளை உண்டு வாழும் அவை, வெளியே மேய்ச்சல் நிலத்தில் இறக்கும் மாட்டையும் தேடிவரும். அப்பக்கத்தில் கால்நடை வளர்ப்போர் விருந்து வைக்க வேண்டியதில்லை, மாட்டுக்கு ஊசி போடும் வேளையில், "இது என்ன மருந்து?" என்று மருத்துவரைக் கேட்டாலே போதும்.

இம்மூன்று வரலாறுகளையும் எண்ணிப் பார்த்த பின் எனக்குத் தோன்றியவை இவை. காக்காப்போவின் கிண்ணத்தை நிரப்பியவன் மனிதன். பூனையைக் கொண்டுவந்தவனும் மனிதனே. இளஞ்சிவப்புப் புறாவுக்குக் கோதுமை இட்டவனும் அதன் காட்டை வெட்டியவனும் ஒரே இனத்தவர். பாறுக்கு விருந்து வைத்தவனும் நஞ்சு வைத்தவனும் அவ்வாறே. இத்தகைய உணவிடுதலைத் தருமம் என்பதைவிட, பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடன் என்பதே பொருந்தும். கடனைத் திருப்புவோன் தன் வள்ளன்மையை எண்ணி மகிழ்ந்திருப்பதில்லை. கொடுத்தது உரியவரைச் சென்று சேர்ந்ததா என்று பார்ப்பான். எடை பார்த்ததும், குஞ்சுகளை எண்ணியதும், நோயை ஆராய்ந்ததும், மருந்தைத் தேடிக் கண்டதும் அத்தகைய பார்வையே. அறிவில்லாத இரக்கம் பறவையின் வயிற்றை நிரப்பிவிட்டு அதன் வமிசத்தை மறந்துவிடக்கூடும்.

அந்த மாணவர் இப்போது வேறோர் ஊரில் ஆசிரியராக இருக்கிறார். படித்துச் சொல்கிறேன் என்ற வாக்கைக் கடிதத்தில் நிறைவேற்றினேன். உணவு போட்டுவிட்டால் பறவை பிழைத்துவிடுமா என்று கேட்டீர்கள். யாருக்கு, எப்போது, எவ்வளவு, எதனோடு என்று அறிந்து போட்டால் பிழைக்கத் துணையாகும். அதற்குள் காடும் திரும்ப வேண்டும், நஞ்சும் நீங்க வேண்டும் என்று எழுதினேன். உங்கள் உம்மா மாடியில் போடும் நொய்யை நிறுத்த வேண்டா என்றும் எழுதினேன். பிடியளவு போடச் சொல்லுங்கள். பழைய நொய்யில் பூசணம் பிடித்திருந்தால் கூட்டித் தள்ளச் சொல்லுங்கள். தண்ணீர்ச் சட்டியை நாள்தோறும் கழுவிக் கவிழ்த்து, புதுநீர் ஊற்றச் சொல்லுங்கள். அளந்து கொடுப்பதும் கொடையின் பகுதியே என்று முடித்தேன்.